அறுபத்தாறு கிலோ

அந்தப் பையைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறீர்களா சார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் அச்சடித்திருக்கிற முத்திரையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு உலக உருண்டை, அதற்கு மேலே இரண்டு பேர் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கீழே 'பன்னாட்டு குராஷ் சாம்பியன்ஷிப்'. தூ. உங்களைச் சொல்லவில்லை, பையைச் சொல்கிறேன்.

பழம் எடுத்துக்கொள்ளுங்கள். நேந்திரம். உடுமலை பஸ் ஸ்டாண்டில் பார்த்த இடமெல்லாம் பூவன்தான். கடை கடையாக ஏறி இறங்கி நேந்திரம் வாங்கினேன். கரூர் போய்ச் சேருகிறவரை வழியில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. கூச்சப்படாதீர்கள்.

முதல் தடவையா? முகத்திலேயே தெரிகிறது. போன வருஷம் நானும் இப்படித்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு, முத்திரை வெளியே தெரிகிற மாதிரி, ஒட்டன்சத்திரத்துக்குப் போனேன். போன வருஷம் அங்கேதான் வைத்தார்கள். எதிர் சீட்டில் ஒரு அம்மா "என்னங்க அது, யோகாவா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னேன். இன்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

என் பெயர் திருமூர்த்தி. மடத்துக்குளம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மில் என்றவுடன் நூல் ஒட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரக்காற்று பிளாண்ட் என்னுடையது. பஞ்சு காய்ந்தால் நூல் அறும். அறாமல் இருக்க மில் முழுக்க ஈரம் கலந்த காற்றை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஒரு கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவன் நான். பதினெட்டு வருஷம் முழு நைட். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. மற்றதெல்லாம் அந்த அறையில் நானாகப் படித்துக்கொண்டதுதான். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த ஆறு எங்கே புறப்படுகிறது, எது வேண்டுமானாலும் கேளுங்கள். குராஷும் அப்படிக் கற்றதுதான். போனில் பார்த்து.

உஸ்பெகிஸ்தான்காரர்களின் மல்யுத்தம் அது. நீங்களே அதற்குத்தானே போகிறீர்கள், நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு! இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. ஒருவருக்கு நீலச் சட்டை, ஒருவருக்குப் பச்சைச் சட்டை. சட்டையையும் இடுப்புக் கச்சையையும் பிடித்து எதிராளியைத் தூக்கி முதுகில் விழவைக்க வேண்டும். கீழே விழுந்த பிறகு புரளுவது, அமுக்குவது, கழுத்தை நெரிப்பது எதுவும் கிடையாது. முதுகு முழுசாக விழுந்தால் நடுவர் 'ஹலால்' என்று கத்துவார். ஆட்டம் முடிந்தது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து ஒரு வணக்கம். எவ்வளவு சுத்தமான விளையாட்டு பாருங்கள். அந்தச் சுத்தத்துக்காகத்தான் நான் அதில் விழுந்தேன்.

பயிற்சி எப்படி என்கிறீர்களா? மில்லில் கழிவுப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு சாக்குத் தைத்து, அதில் கழிவை இடித்து இடித்து அடைத்து, மேலே ஒரு பழைய ஜூடோ சட்டை மாட்டினேன். நாலு வருஷம் சார். எத்தனை ஆயிரம் தடவை தூக்கிப் போட்டிருப்பேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அது என்னை ஜெயித்ததில்லை.

இன்னொன்று எடுங்கள். ஒன்று சாப்பிட்டால் பசிதான் கிளம்பும்.

எதற்கு இந்த வயதில் இது என்று கேட்பீர்கள். என் மனைவி கனகமணிக்குப் பனியன் கம்பெனியில் வேலை. பகல் வேலை. நான் சைக்கிளை உள்ளே தள்ளும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் பேச்சில் முக்கால்வாசி வாசல்படியில் நடந்தது. "ரசம் மூடி வெச்சிருக்கேன்." "கேஸ் சொல்லியாச்சா?" அவ்வளவுதான். பிறகு நான் வெளிச்சம் வராமல் ஜன்னலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டுப் படுப்பேன். பகல் தூக்கம் தூக்கமே இல்லை சார், அது ஒரு மயக்கம். உப்புக்காரன் கத்தினால் விழிப்பு, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் விழிப்பு. என் பெண் எப்போது பெரியவளானாள், எப்போது கல்யாணம் ஆகிப் போனாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எல்லோரும் படுக்கிற நேரத்தில் நானும் படுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்குக் கிடையாது.

அதற்கு ஒரு வழி வந்தது. எங்கள் முதலாளிக்கு விளையாட்டுப் பைத்தியம். பன்னாட்டுப் பதக்கம் வாங்கிய தொழிலாளிக்கு ஜெனரல் ஷிப்ட் என்று அறிவித்தார். பகல் ஷிப்ட்! நான் அன்றைக்கே பெர்சனல் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னார், "பதக்கம் மட்டும் பத்தாதுங்க திருமூர்த்தி. நோட்டீஸ் போர்டுல ஒட்ட ஒரு போட்டோ வேணும். விளையாடற மாதிரி. வெளிநாட்டுக்காரன் யாராச்சும் கூட இருந்தா முதலாளிக்கு ரொம்பப் பிடிக்கும்."

சரி என்று ஒட்டன்சத்திரம் போனேன். ஏழு நாடுகள் பங்கேற்பு என்று பிளெக்ஸ். ஸ்டேடியத்தைத் தேடினால் கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழை மரம்கூட அவிழ்க்கவில்லை. மேடையில் 'கோகிலவாணி வெட்ஸ் அருணாசலம்' என்று தெர்மோகோல் எழுத்து அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் ஏழு நாட்டுக் கொடி. மணமக்கள் உட்காரும் இடம்தான் பரிசு மேடை. நாற்றம் வேறு. பன்னீர், சாம்பார், வேர்வை எல்லாம் சேர்ந்து.

ஏழு நாடு எங்கே என்று பார்த்தேன். இலங்கை என்று இரண்டு பையன்கள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவர்கள். மலேசியா என்று ஒரு பெரியவர். பழனிக்குக் காவடி எடுக்க வந்தவரை அப்படியே வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார்கள். மற்ற நாடுகளுக்குக் கொடி மட்டும்தான் வந்திருந்தது. இதையெல்லாம் நடத்துகிறவர் கிராண்ட்மாஸ்டர் டாக்டர் ஏகநாதன். எதற்கு டாக்டர் என்று கேட்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்தில் நாலு அடையாள அட்டை. நடுவர் யாரென்றால் அவருடைய மைத்துனர், மற்ற நாளில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

எடை பார்க்கிற இடம் அதைவிட அசிங்கம். மண்டபத்தின் சாமான் அறையில், அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் வரிசையாக நிற்க வைத்தார்கள். அங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமத்தைக் கண்டேன். வந்திருப்பது கொஞ்சம் ஆட்கள். எடைப் பிரிவோ நிறைய. ஒரு பிரிவில் ஒருவர்தான் என்றால் ஆடாமலே தங்கம். அதனால் என்ன செய்கிறார்கள்? ஒரே பிரிவில் இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவரை ஓரமாக உட்கார வைத்து ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்து அடுத்த பிரிவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் சார், மீசை வைத்தவர்கள், சுவர் ஓரம் குத்தவைத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். இதுவா விளையாட்டு?

நான் தராசில் ஏறினேன். அறுபத்தைந்தே முக்கால். அறுபத்தாறு கிலோ வரைக்கும் ஒரு பிரிவு. ஏகநாதன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அறுபத்தாறுல நீங்க ஒரே ஆளுங்க சார். தங்கம் உங்களுக்குத்தான். போய் டிபன் சாப்பிடுங்க."

"எதிராளி?" என்றேன்.

"எதிராளி எதுக்குங்க? ஜெயிச்சாச்சே."

எனக்கு வந்ததே கோபம். நாலு வருஷம் உழைத்தவன் ஆடாமல் பதக்கம் வாங்குவானா? எனக்கு எதிராளி வேண்டும், வெளிநாட்டு எதிராளி வேண்டும், பிளெக்ஸில் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, கொண்டுவாருங்கள் என்றேன். போட்டோவுக்காக மட்டும் இல்லை சார், கொள்கைக்காக. அவர் தலையைச் சொறிந்துகொண்டே சமையல்கட்டுப் பக்கம் போனார்.

திரும்பி வரும்போது கூடவே ஒரு ஆள். பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டே வருகிறான். நெஞ்சில் நேபாளக் கொடியைக் குத்தியிருக்கிறார்கள். யார் என்று பார்க்கிறேன், காலையில் எனக்கு நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தவன்! கேட்டரிங்காரரோடு வந்த சமையல் ஆள். பெயர் சுக்மான் சுப்பா. சமையல்கட்டில் எல்லோரும் சுப்பையா என்றுதான் கூப்பிட்டார்கள், அவனும் அதற்கே திரும்பிப் பார்ப்பான். வணக்கம் மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்தவுடன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். நடுவரைப் பார்த்துக் குனிந்தான். சந்தேகம் வந்து இன்னொரு தடவை எனக்குக் குனிந்தான்.

தண்ணீர் குடியுங்கள். நேந்திரம் நெஞ்சை அடைக்கும். பாட்டில் புதுசுதான், மூடி திறக்கவில்லை.

ஆட்டத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை. பாய் என்று எதையோ விரித்திருந்தார்கள், டேப் ஒட்டி. என் கால் நின்ற இடத்தில் டேப் பிரிந்திருந்தது. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அவன் கையெல்லாம் எண்ணெய். நான் முறைப்படி இடது கையால் சட்டையும் வலது கையால் கச்சையும் பிடித்தேன். சாக்கில் பிடிக்கிற அதே பிடி. இவன் என்ன செய்தான் தெரியுமா? அவனும் பிடித்தான்! நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பிடித்தான். எந்த வீடியோவிலும் இல்லாத மாதிரி, கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றுகிற மாதிரி, ஒரு முக்கல் முக்கி என்னைத் தூக்கினான். அடுத்து நான் பார்த்தது மண்டபத்தின் கூரை. கொடித் தோரணம். கோகிலவாணியின் பெயர் தலைகீழாக.

'ஹலால்' என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கத்தினார். சமையல்கட்டிலிருந்து வந்து நின்றவர்கள் கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். அவன் பயந்துபோய் என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினான். நானாகவே எழுந்துகொண்டேன். அவன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். முறைப்படி நானும் குனிய வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டிருந்தது, குனிய முடியவில்லை.

உடனே மேடையில் ஏற்றித் தங்கத்தை அவன் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவன் போனை எடுத்தான். வீடியோவில் அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒரு சின்னக் குழந்தையும். பதக்கத்தைக் காட்டுகிறான், கொடிகளைக் காட்டுகிறான், சட்டையைக் காட்டுகிறான். பிறகு போனை என் பக்கம் திருப்பி என்னையும் காட்டினான். அந்தக் குழந்தை கையாட்டியது. எவ்வளவு மட்டமான நடத்தை பாருங்கள்! அடுப்பில் போட்டுவிட்டு வந்த நூடுல்ஸ் அங்கே தீய்ந்துகொண்டிருக்கிறது, அந்த நினைப்புக்கூட இல்லை.

நான் ஏகநாதனிடம் போனேன். சாப்பிடும்போது அவனிடம் ஊர் கேட்டிருந்தேன் சார். யாரைப் பார்த்தாலும் ஊர் கேட்பது என் பழக்கம். காலிம்போங் என்று சொல்லியிருந்தான். வேறு யாராவது என்றால் தெரியாது. எனக்குத் தெரியும். காலிம்போங் மேற்கு வங்காளம். டார்ஜிலிங்குக்குக் கிழக்கே, டீஸ்டா ஆற்றுக்கு மேலே. நேபாளமே இல்லை! "இவன் இந்தியன். இது பன்னாட்டு ஆட்டமே இல்லை. மேலிடத்துக்கு எழுதுவேன்" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க சார், மெதுவா" என்று ஏகநாதன் என் தோளைப் பிடித்தார். சுப்பாவைக் கூப்பிட்டு ஆதார் கேட்டார். அவன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பரிசுக்குப் பெயர் எழுதத்தான் என்று நினைத்து, சந்தோஷமாகப் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூன்று பேர் கூடிப் பேசினார்கள். மைக்கில் "நேபாளம் தகுதி நீக்கம்" என்றார்கள். பதக்கத்தைக் கழற்ற வந்தபோது அவன் சிரித்துக்கொண்டே குனிந்து கழுத்தைக் கொடுத்தான். போன் இன்னும் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கட்டைவிரலால் அதை அணைத்தான்.

என்னிடம் வந்து கேட்டான். தமிழ் ஓரளவு பேசுவான். "அண்ணா, நான் தப்பா விளையாடிட்டேனா?"

"இல்லப்பா. நீ தப்பு ஒண்ணும் பண்ணலை. நீ இந்தியன், அவ்வளவுதான்" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மாநிலம், எல்லை, ஆறு எல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"ஆமா அண்ணா. இந்தியன்தான்" என்றான். சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து ஒரு தடவை குனிந்துவிட்டுப் போனான். சாயங்காலம் வரிசையில் நின்றபோது எனக்கு மட்டும் தட்டு நிறையப் போட்டான். நான் சாப்பிடவில்லை. தீய்ந்த வாடை.

என் கழுத்துக்கு வந்த அந்தப் பதக்கத்தோடு மில்லுக்குப் போனேன். போட்டோவும் வந்தது. கல்யாண வீடியோக்காரன் எடுத்தது. ஒரே ஒரு படம்தான் தெளிவாக இருந்தது. பச்சைச் சட்டை தூக்கிப் பிடித்திருக்கிறது, நீலச் சட்டை அந்தரத்தில் இருக்கிறது. தூக்குகிறவன் முகம் முழங்கைக்குப் பின்னால் போய்விட்டது. தூக்கப்பட்டவன் தலைகீழ். மேனேஜர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யப்பா, என்னா தூக்குங்க திருமூர்த்தி! பாவம் அந்த நேபாளத்துக்காரன்" என்றார். மேலதிகாரி சொல்லும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. படத்தைப் பெரிதாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இப்போதும் இருக்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். போகிற வருகிற பையன்கள் "அண்ணா, அந்தப் பிடி எப்படிங்ணா?" என்று கேட்கிறார்கள். சீ, பொழுதுபோகாத பயல்கள்.

ஆமாம், காலையில். ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது சார். எல்லோரும் படுக்கிற நேரத்தில் நானும் படுக்கிறேன். படுக்கிறேன் என்றுதான் சொன்னேன். பதினெட்டு வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபத்தில் விடுமா? விளக்கை அணைத்தவுடன் எனக்கு நன்றாக விழிப்பு வந்துவிடும். உட்கார்ந்துகொள்வேன். காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று மூக்கு தானாகவே கணக்குப் போடும். ஒரு நாள் கனகமணி எழுந்து உட்கார்ந்து, "என்னையே பாத்துக்கிட்டிருக்கீங்களே, நான் என்ன மிசினா?" என்று அழுதாள்.

ஆனால் போன மாதம் ஒரு நாள் தூங்கிவிட்டேன் சார். நிஜமான தூக்கம். விடிந்து அவள்தான் தட்டி எழுப்பினாள். டீ போட்டு வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம். வாசல்படியில் பேசியே பழகியவர்கள், உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவள் என் டம்ளரையும் வாங்கிக் கழுவி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் எல்லாம் பழகிவிடும். தூக்கமும் பழகிவிடும், பேச்சும் பழகிவிடும்.

ஆனால் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வருஷா வருஷம் பதக்கம் காட்டணுமுங்க. இல்லேன்னா பழையபடி முழு நைட்டுதான்." போட்டோ வேண்டாமாம், பழையதே நன்றாக இருக்கிறதாம்.

அதனால்தான் நானும் கரூர் போகிறேன். என் பையை மேலே வைத்திருக்கிறேன் பாருங்கள். முத்திரையை உள்பக்கம் திருப்பி.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் பிரிவுதான், கிருதாவில் நரை தெரிகிறது. தோளும் நல்ல தோள். நிஜமாகவே பயிற்சி எடுத்தவர் தோள். பஸ்ஸில் உங்களைப் பார்த்ததுமே இந்த சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அறுபத்தைந்து இருப்பீர்களா? அறுபத்தைந்தரை? பதினெட்டு வருஷம் காற்றின் ஈரத்தையே கருவி பார்க்காமல் சொன்னவன் நான், ஆள் எடையா தெரியாது?

பயந்துகொண்டு சொல்லவில்லை. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். அடுத்த பிரிவு, எழுபத்து மூன்றில் யாருமே பெயர் கொடுக்கவில்லை, போன் போட்டு விசாரித்துவிட்டேன். தராசில் ஏறும்போது அறுபத்தாறைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் போதும், உங்களுக்கும் தங்கம், யார் முதுகும் கீழே படாது. தாராபுரத்தில் பஸ் நிற்கும். இறங்கி இன்னொரு பாட்டில் தண்ணீர் வாங்கி வருகிறேன்.

சீப்பில் இன்னும் நாலுதான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் சார். தோலை என்னிடம் கொடுங்கள், நான் போட்டுவிடுகிறேன்.